சிலம்புக்குள் என்ன இருந்தது: ஒரு சித்திரக்கதை நூலை வகுப்பில் நடத்திப் பார்த்தபோது

மதுரையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைச் சொல்லும்போதெல்லாம், 'என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்ற அடியில் வகுப்பு தடுமாறி நின்றுவிடும். சிலம்பு என்றதும் அவர்கள் மனத்தில் வருவது சலங்கை வைத்த வெள்ளிக் கொலுசு. அதைக் கண்ணகி ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்பார்கள். கரும்பலகையில் நான் பலமுறை வரைந்தும் விளங்க வைக்க முடியாத அந்தச் செய்தியை, தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் வாங்கி வந்த சித்திரக்கதை நூல் ஒரே கட்டத்தில் விளக்கிவிட்டது.

ஓவியர் சிலம்பைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருக்கிறார். பொன்னாலான உள்ளீடற்ற வளையம், அதற்குள் அசைந்தால் ஒலிக்கும் சிறு மணிகளான பரல்கள். அந்த அடியில் வரும் 'அரி' இவைதான். பக்கத்துக் கட்டத்தில், வெளிப்பார்வைக்கு வேறுபாடே தெரியாத இரண்டு சிலம்புகள். ஒன்றினுள் அரசியின் முத்து, மற்றொன்றினுள் கண்ணகியின் மாணிக்கம். உடைத்தால் அன்றி உண்மை வெளிவராது என்பதை, நான் வாய் திறக்கும் முன்பே பிள்ளைகள் தாங்களாகச் சொன்னார்கள். பழங்காநத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, கோவலன் கொலையுண்ட இடமாகச் சொல்லப்படும், தங்கள் பகுதியில் உள்ள கோவலன் பொட்டலின் பெயர்க் காரணத்தை எழுந்து நின்று சொன்னாள். மாணிக்கம் தெறிக்கும் காட்சிக்கு, உரையாடல் எதுவுமின்றி ஒரு முழுப் பக்கத்தையும் ஒதுக்கியது மிகச் சிறந்த முடிவு.

ஆனால் அடுத்த பக்கம் என்னை வருத்தியது. 'யானோ அரசன் யானே கள்வன்' என்ற அடியை எடுத்துவிட்டு, 'நான் பெரிய தவறு செய்துவிட்டேன்' என்று பாண்டியனைப் பேச வைத்திருக்கிறார்கள். முதற்சொல்லின் ஓகாரம் அரச பதவியை மறுக்கிறது. அடுத்து வரும் ஏகாரம் குற்றத்தை உறுதிப்படுத்துகிறது. நான்கே சொற்களில் ஓர் அரசன் தன்மீதே தீர்ப்பு எழுதுவதை உரைநடையாக்கினால், படம் எவ்வளவு அழகாக இருந்தும் இலக்கியம் கைநழுவிவிடுகிறது. அரண்மனைக்குப் பின்னால் மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை வரைந்திருப்பதும் பிழையே. அது 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

காப்பியத்தின் முப்பது காதைகளையும் அடக்க முயன்றதால் இறுதிப் பகுதியான வஞ்சிக் காண்டம் ஓட்டமாக ஓடுகிறது. மதுரைக் காண்டத்துக்காக மட்டுமே இதை வாங்கலாம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு படி போதும். மூல அடிகளைத் துண்டுத் தாள்களில் எழுதி, உரையாடல் குமிழ்களின் மேல் ஒட்டிவிட்டுத்தான் இப்போது எங்கள் வகுப்பில் இந்நூலைத் திறக்கிறோம்.