பேசும் போனை அடக்க 2,500 ரூபாய்

வீட்டில் இருக்கும் பெரியவர்களைத் தனியாகப் போன் ரிப்பேர் கடைக்கு அனுப்புகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. சேலம் புதிய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இப்படிக் கடைகள் நிறைய உண்டு. எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை, எங்களுக்கு வாய்த்தது அப்படி.

அப்பா ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் காப்பி, நடுவில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. நான் கீழே அம்மாபேட்டையில். போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, காலையிலிருந்து கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, எடுக்கவே இல்லை. பதினொரு மணிக்கு டீக்கடைக்காரர் போனிலிருந்து அவரே பேசினார்.

"கண்ணு, என் போனுக்கு என்னமோ ஆயிருச்சு. எங்க தொட்டாலும் ஒரு பொம்பள இங்கிலீஷ்ல பேசுது. நீ கூப்பிடறது தெரியுது, எடுக்கத்தான் முடியல."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா."

"அதெல்லாம் பண்ணியாச்சு. மறுபடியும் அதே பேச்சு."

வேலை நேரம். சாயங்காலம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அவரால் சாயங்காலம் வரை இருக்க முடியவில்லை, காப்பி வியாபாரி கணக்கு முடிக்கக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாராம். பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் போனை நோண்டிக்கொண்டே வந்திருக்கிறார், அது பேங்க் மெசேஜை எடுத்துச் சத்தமாக வாசித்திருக்கிறது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாதி பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாராம். அப்பாவுக்கு அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

கடையில் இருந்த பையன் போனை வாங்கி இரண்டு தடவை தட்டிப் பார்த்திருக்கிறான். "ஐயா, வைரஸ் ஏறிருச்சு. சாப்ட்வேர் புதுசா போடணும், இல்லேன்னா போர்டே போயிரும்." 1,800 ரூபாய். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறார் அப்பா. போனை உள்ளறைக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்து வந்து, "கூகுள் லாக் விழுந்திருக்கு, அதை எடுக்கத் தனியா 700" என்றிருக்கிறான். அதையும் கொடுத்துவிட்டு வந்தார். பில் என்று கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் 'சாப்ட்வேர்' என்று ஒரே வார்த்தை. தொகைகூட எழுதவில்லை.

அன்று ராத்திரி போன் பேசுவதை நிறுத்தியிருந்தது. படங்கள் எல்லாம் போயிருந்தன.

சாமி படமும் கல்யாணப் படமும் போனால் போகட்டும், அவை என்னிடமும் இருக்கின்றன. போனது எடைச் சீட்டுகள். ஒவ்வொரு தடவை காப்பியும் மிளகும் போடும்போது வியாபாரி எடையை எழுதித் தருவார். சட்டைப் பையில் வேர்வையில் நனைந்து எழுத்து அழிந்துவிடுகிறது என்று அப்பா அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். அந்த சீசனில் மொத்தம் பதினொரு சீட்டு. டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்று புலம்பினார் என, படங்கள் தானாக ஆன்லைனில் சேர்வதை நிறுத்தி வைத்தது நான்தான். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஆபீஸில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது கணக்குப் பிரிவு சார் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பார்வை கிடையாது. "தொட்டதும் வாசிச்சுதா? தொட்ட இடத்தைச் சுத்தி ஒரு கட்டம் வந்துதான்னு கேளுங்க" என்றார். அப்பாவைக் கேட்டேன், வந்ததாம், பச்சையாக. சார் சிரித்துவிட்டார். தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்து, சத்தம் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து ஒரு மூன்று விநாடி அழுத்தினார். குரல் நின்றது. மறுபடி அழுத்தினார். பேச ஆரம்பித்தது.

"இதுக்குத்தான் உங்கப்பா 2,500 கொடுத்திருக்காரு. இது வைரஸ் இல்லம்மா. நான் தினமும் சம்பளக் கணக்கு பாக்கறதே இதை வெச்சுத்தான்."

டாக்பேக் என்று பெயர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற வசதி, ஆண்ட்ராய்டில் 2009-லிருந்தே இருக்கிறது. ஐபோனில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர். சாம்சங்கில் கொஞ்ச காலம் வாய்ஸ் அசிஸ்டன்ட் என்ற பெயரில் இருந்தது. தனியாக எதையும் ஏற்ற வேண்டாம், பெரும்பாலான போன்களில் வாங்கும்போதே உள்ளே இருக்கும். சார் தமிழிலேயே கேட்கிறார், அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

இது ஓடும்போது போனைத் தொடும் முறையே மாறிவிடும். ஒரு தடவை தட்டினால் திறக்காது, அது என்ன என்று வாசிக்கும், சுற்றிலும் கட்டம் விழும். திறக்க வேண்டும் என்றால் அடுத்து இரண்டு தடவை வேகமாகத் தட்ட வேண்டும். மேலும் கீழும் நகர்த்த ஒரு விரல் போதாது, இரண்டு விரலை வைத்துத் தள்ள வேண்டும். இது தெரியாதவருக்குப் போன் செத்துவிட்டது போலத்தான் தெரியும். அப்பா பாவம், ஒற்றை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்.

நிறுத்த முதலில் அந்த இரண்டு பட்டன் வித்தையைச் செய்து பாருங்கள். அதற்குச் சரிப்பட்டு வரவில்லை என்றால் செட்டிங்ஸ், அதில் ஆக்ஸசிபிலிட்டி, அதில் டாக்பேக். ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டித் தேர்ந்தெடுத்து, பிறகு இரட்டைத் தட்டு. ஆஃப் செய்ததும் நிஜமாகவே நிறுத்தவா என்று கேட்டால் அதற்கும் அதே மாதிரிதான். கூகுள் அசிஸ்டன்ட் வேலை செய்கிற போனில் 'டர்ன் ஆஃப் டாக்பேக்' என்று வாயால் சொன்னாலே போதும். ஐபோனில் சிரியிடம் 'டர்ன் ஆஃப் வாய்ஸ்ஓவர்' என்று சொல்லலாம். ஷார்ட்கட் வைத்திருந்தால் பக்கவாட்டு பட்டனை மூன்று தடவை அழுத்தினாலும் நிற்கும், பழைய மாடலில் ஹோம் பட்டன்.

எப்படி ஆன் ஆனது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மேலே போயிருந்தோம். என் பையன் தாத்தா போனில் விளையாடிக்கொண்டிருந்தபோது ஸ்க்ரீன்ஷாட் எடுக்கப் போய், பட்டனை மாற்றி இரண்டு சத்தப் பட்டனையும் சேர்த்து அமுக்கியிருக்கிறான். ஏதோ ஒரு பெட்டி வந்ததாம், படிக்காமல் ஒன்றைத் தொட்டிருக்கிறான். குரல் வந்ததும் பயந்துபோய்ப் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வந்து காரில் ஏறிவிட்டான்.

அந்த 700 ரூபாய் விஷயம்தான் எனக்கு அதிகக் கோபம். செட்டிங்ஸுக்குள் போய் முறையாக ரீசெட் செய்திருந்தால் அந்தக் கூகுள் பூட்டு விழாது. பட்டன்களை அமுக்கி ரெகவரி என்கிற, போன் முழுதாக ஆன் ஆகும் முன் வரும் மெனு வழியாக அழித்தால்தான், இதற்கு முன் போனில் இருந்த கணக்கு எது என்று கேட்டு நிற்கும். திருட்டுப் போனை யாரும் அழித்து விற்கக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. ஆக, கடைக்காரருக்கு டாக்பேக்கை நிறுத்தவும் தெரியவில்லை, அதோடு செட்டிங்ஸுக்குள் போகவும் தெரியவில்லை. அல்லது தெரிந்தே செய்தார். அப்பாவுக்கு அந்தக் கூகுள் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தது நான். எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் பாஸ்வேர்டைச் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி இருந்தார். "மேடம், சாப்ட்வேர் கரப்ட் ஆயிருந்துச்சு, நாங்க சரி பண்ணிக் கொடுத்தோம்" என்றார். நான் ஒன்றும் பேசாமல் என் போனில் டாக்பேக்கை ஆன் செய்து அவர் கையில் கொடுத்தேன். "இதுவும் கரப்ட் ஆயிருச்சுங்க, என்ன ஆகும்?" அவர் போனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, "எங்க மாமியார் போனும் இப்படித்தானுங்க பேசிச்சு" என்று ஆரம்பித்ததும் 700 ரூபாயை எடுத்து நீட்டினார். 1,800 வேலைக் கூலி, தர மாட்டாராம். ஒழுங்கான பில் எழுதித் தாருங்கள் என்றேன், அதுவும் இல்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் வரையான பொருளுக்கோ சேவைக்கோ அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் கையில் தொகை போட்ட ஒரு பில் இருந்தால் எவ்வளவு சுலபம் என்பது இப்போது தெரிகிறது. பணம் கொடுக்கும் முன் கோளாறு என்ன, செய்யப்போகும் வேலை என்ன, உள்ளே இருப்பது அழியுமா என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. சார் சொல்லச் சொன்னது. கோபத்தில் டாக்பேக்கை அடியோடு முடக்கிவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது கண் மங்கும் நாளில் தேவைப்படும். குழந்தை கை படும் என்று பயமாக இருந்தால் அந்தப் பட்டன் ஷார்ட்கட்டை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

வியாபாரி தன் நோட்டில் இருந்த எடைப்படியே கணக்கு முடித்தார். இரண்டு மூட்டை மிளகு குறைகிறது என்று அப்பா சொல்கிறார். சீட்டு இருந்தால் காட்டுங்கள் என்றாராம். அடுத்த அறுவடைக்கு அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பசை டப்பாவும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்.