ராபின்சன் ஆர்22: ஏர்லைன் விமானியின் முதல் ஹெலிகாப்டர்

அமெரிக்காவில் ஏர்லைனை விட்டு ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டருக்கு மாற நினைப்பவர் ஜெட்டில் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும், கமர்ஷியல் ரேட்டிங்குக்கு (சம்பளத்துக்கு ஓட்டும் தகுதிக்கு) ஹெலிகாப்டரில் 50 மணி நேரம் பறந்தாக வேண்டும். அதற்கு ராபின்சன் ஆர்22 என்ற இரண்டு இருக்கைச் சிறு ஹெலிகாப்டர் நல்ல தேர்வு. செலவு குறைவு, கை நன்றாகப் பழகும். ஆனால் சின்னப் பிழையையும் பொறுக்காது. ரோட்டார் (மேலே சுழலும் இறக்கைகள்) இலேசானது, சட்டென்று வேகம் இழக்கும் என்பதால் இன்ஜின் நின்ற கணமே கலெக்டிவை (ஏற்றி இறக்கும் நெம்புகோலை) இறக்க வேண்டும். ரோட்டார் வேகம் 97 சதவீதத்துக்கு இறங்கினாலே ஹாரன் அலறும். பெரிய ஆபத்து பழைய கைப்பழக்கம்தான். விமானத்தில் போல ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழப்பதற்கு) பயந்து மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எடையற்ற நிலை வந்து ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சாயும், ரோட்டார் மையம் மாஸ்டில் (ரோட்டாரைத் தாங்கும் தண்டில்) இடித்து அதை முறித்துவிடலாம். அந்த நிலை வந்தால் முதலில் சைக்ளிக்கை (திசை மாற்றும் பிடியை) மெல்லப் பின்னுக்கு இழுங்கள், சாய்வைப் பிறகு திருத்தலாம். ஒரு இருக்கைக்கு, ஆளையும் அடியில் வைக்கும் சாமானையும் சேர்த்து, 109 கிலோதான் அனுமதி. ஏர் ஆம்புலன்ஸுக்கான டர்பைன் இன்ஜின், இரவுப் பார்வைக் கண்ணாடிப் பயிற்சிகளைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.