ஈரநிலமா, கடற்கரையா, வாசல் மாமரமா?

கொழும்பில் பிள்ளைகளுக்கு உயிரினங்களைக் காட்டுவதென்றால் பலருக்கும் முதலில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைதான் நினைவு வரும். அவதானிக்கப் பழக்க நான் அங்கே கூட்டிப் போக மாட்டேன். கூட்டுக்கு முன்னாலேயே பெயரும் உணவும் எழுதிய பலகை நிற்கிறது. பிள்ளைக்குக் கேள்வி பிறக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது.

கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவின் கதை வேறு. 2018இல் கொழும்புக்கு ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் 'ஈரநில நகரம்' அங்கீகாரம் கிடைத்தது இப்படியான சதுப்புகளால்தான். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைப்பதையும், நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களால் நீர்ச்செடிகளை மிதித்து நடப்பதையும், கபரகொய்யா என்ற நீர் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடிப்பதையும் அங்கே பார்க்கலாம். ஆனால் பறவைகள் தூரத்தில் இருக்கும். தொலைநோக்கி இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் சலித்துப் போவார்கள். வெள்ளவத்தையிலிருந்து போய்வர ஓட்டோக் காசும் ஆகும். அடிக்கடி போக முடியாதது எனக்குப் பெரிய குறை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தானே மாற்றம் கண்ணில் படும்?

அந்த வகையில் வெள்ளவத்தைக் கடற்கரை நல்லது. செலவில்லை, நடந்தே போகலாம். மணலில் நண்டு வளைகள் தெரிந்தால் ஓர் அடிமட்டம் போதும். பெரிய வளைகள் தண்ணீருக்குக் கிட்டவா, தள்ளியா? பிள்ளைகள் முதலில் ஊகித்து எழுதட்டும், பிறகு அளக்கட்டும். ரயில் பாதையைக் கடக்கும்போது கையை விடாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அப்போது கரைக்கே போக வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது வீட்டு வாசல் மாமரம், அதில் முசுறு என்ற செவ்வெறும்பு இருந்தால். முசுறுகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தங்கள் புழுக்களைத் தூக்கி வந்து அவற்றின் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும். பள்ளிக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் போதும். மரத்தடியில் கொஞ்சம் சீனி, கொஞ்சம் கருவாடு வைத்து எதற்கு முதலில் வருகின்றன என்று பார்க்கலாம். அளவும் தூரமும் ஒன்றாக இருக்கட்டும். வைக்கும் பொருள் மட்டும் மாறட்டும். மறுநாள் இடத்தை மாற்றி வையுங்கள். முடிவும் மாறினால் பிள்ளையே ஏன் என்று கேட்கும். முசுறு கடிக்கும், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடம் இருக்கிறதுதான். ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் அதுவும் மனப்பாடமாகிவிடுகிறது. அதனால் வீட்டில் தனியாக ஒரு கொப்பி கொடுங்கள். திகதி, நேரம், மழையா வெயிலா, கண்டது என்ன. அப்புறம் ஒரு கோடு போட்டு, அதன் கீழே நினைத்தது என்ன. படம் வரைந்து முடிக்கும் வரை பெயரைச் சொல்லாதீர்கள், தொலைபேசியிலும் தேட விடாதீர்கள். கொப்பியில் சில வாரங்கள் நிறைந்த பிறகு, ஒரு விடுமுறைக் காலையில் பெத்தகானவுக்குக் கூட்டிப் போகலாம்.