வெய்ன் ஷார்ட்டரின் ‘ஸ்பீக் நோ ஈவில்’: பல ஆண்டுகள் கேட்ட பின்

டெனர் சாக்ஸஃபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டர், நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1964 டிசம்பர் 24 அன்று ‘ப்ளூ நோட்’ நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த தொகுப்பு இது. ஆறு படைப்புகளும் அவர் இயற்றியவையே. 1960களில் உருவான ஜாஸ் பாணியான போஸ்ட்-பாப்பைக் கேட்கத் தொடங்குவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். பல ஆண்டுகள் கேட்டும் எனக்கு இது சலிக்காததற்குக் காரணம், இதிலுள்ள அடக்கம்.

அந்த அடக்கத்தை முதலில் உணர்த்தியது தலைப்புப் படைப்பு. ஷார்ட்டரும் டிரம்பெட் வாசிக்கும் ஃப்ரெடி ஹப்பர்டும் நீண்ட சுரங்களை நிறுத்தி வாசிக்க, அவை விட்டுச்செல்லும் வெளியில் ஹெர்பி ஹான்காக்கின் பியானோ பேசுகிறது. தனி வாசிப்பிலும் ஷார்ட்டர் வேகத்தைக் காட்ட முனைவதில்லை. ஒரு சிறு இசைத்துணுக்கை எடுத்து, அதைத் திருப்பியும் நீட்டியும் பார்த்து, தேவையான இடத்தில் நிறுத்திவிடுகிறார். ஹான்காக்கும் பாஸ் வாசிக்கும் ரான் கார்ட்டரும் அப்போது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவினர். டிரம்ஸ் வாசிக்கும் எல்வின் ஜோன்ஸோ சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவிலிருந்து வந்தவர். ஹான்காக், கார்ட்டர் இருவரின் நிதானத்துக்கு அடியில் ஜோன்ஸின் கொந்தளிப்பு ஓடிக்கொண்டே இருப்பதால்தான், மெல்லிய இடங்கள்கூடத் தொய்வதில்லை. ஒருமுறை முழுத் தொகுப்பையும் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். வேறொரு தொகுப்பைக் கேட்பது போலிருக்கும்.

நான் மிக அதிகமாகத் திரும்பிச் சென்றது ‘இன்ஃபன்ட் ஐஸ்’ படைப்புக்கு. ஷார்ட்டர் தம் மகளை எண்ணி எழுதிய இந்த மெல்லிசையில் டிரம்பெட் இல்லை. எட்டு பார்களில் (தாளச் சுற்றுகளில்) முடியும் என்று காது எதிர்பார்க்கும் ஒவ்வொரு பகுதியும் ஒன்பதாவது பாருக்கு நீள்கிறது; மூன்று பகுதிகள் சேர்ந்து 27 பார்கள். இந்தக் கணக்கு தெரியாதபோதும், மெட்டு மூச்சை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொள்வது போன்ற உணர்வு எனக்கு இருந்தது. தெரிந்த பிறகும் அந்த உணர்வு குறையவில்லை.

‘ஃபீ-ஃபை-ஃபோ-ஃபம்’ மட்டும் மற்றவற்றைப் போல என்னுள் ஆழமாக இறங்கவில்லை. ‘விட்ச் ஹன்ட்’டின் தொடக்க முழக்கமும், மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் சுழலும் ‘வைல்ட் ஃப்ளவர்’ படைப்பும் இன்றும் புதிதாகவே ஒலிக்கின்றன.

கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கார்ட்டரின் பாஸ் ஏறக்குறைய மறைந்துவிடுவதால், நல்ல ஹெட்ஃபோனிலாவது கேட்க வேண்டுகிறேன். இது பிடித்துவிட்டால், அதே ஆண்டில் எல்வின் ஜோன்ஸுடன் ஷார்ட்டர் பதிவுசெய்த ‘ஜூஜூ’வை அடுத்துக் கேட்கலாம். அதில் மெக்காய் டைனரின் பியானோ இடைவிடாமல் முன்னே உந்துகிறது. ஹான்காக் இங்கே எவ்வளவு இடம் விட்டு வாசித்திருக்கிறார் என்பது அப்போது தெளிவாகப் புரியும்.