மண்டபத்தில் கேரவனுக்கு மின்வேலை: ஒரு பணிமனை அனுபவம்

மண்டபத்தில், மீன்பிடிப் படகுகளுக்கு வயரிங் செய்து பழகிய ஒரு சிறு பணிமனையில், எங்கள் கேரவன் வேனுக்குக் கூடுதல் பிளக் பாயிண்டுகள் வைக்கவும், சமையல் மேடையருகே அடிக்கடி மின்சாரம் நின்றுபோகும் பாயிண்டைச் சரிசெய்யவும் கொடுத்திருந்தோம்.

மிஸ்திரி எடுத்த எடுப்பிலேயே புதுச் சாமான் எதையும் வாங்கச் சொல்லவில்லை. வெளி இணைப்பையும் இன்வெர்ட்டரையும் துண்டித்து, டெஸ்டரால் உறுதிசெய்துகொண்ட பிறகே பழைய சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். உப்புக்காற்றில் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வண்டிக் குலுக்கலில் திருகு தளர்ந்து, நியூட்ரல் கம்பியின் உறை கருகியிருந்தது. அந்த ஒற்றை இழைக் கம்பியை நீக்கிவிட்டு, வெள்ளீயம் பூசிய பல இழைச் செப்புக் கம்பியை, லக் எனும் உலோக முனையை வைத்து நசுக்கிப் பொருத்தினார். படகு வேலை தந்த பழக்கம் போலும்.

இன்டக்‌ஷன் அடுப்புக்கான 16 ஆம்பியர் சாக்கெட்டைத் தனி எம்.சி.பி.யுடன் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), வெளி மின்சாரத்தில் மட்டும் இயங்கும்படி வைத்தது சரியான முடிவு. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவே இழுக்கும். இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து என்றால் 170 ஆம்பியரைத் தாண்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யையும் சேர்த்து, சோதனைப் பொத்தானை எங்களையே அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

கூலியில் குறையில்லை, ஆனால் பில்லில் சாமான் விலையைத் தனியே குறிக்கவில்லை. கதவோரப் பாயிண்டையும் மிகத் தாழ்வாக வைத்துவிட்டதால், தனுஷ்கோடி மணல் உள்ளே புகாதபடி அதற்கு மூடி கேட்டிருக்கிறோம்.