காம்ஃபா, ஜென்ஜூ, ரெட் டெக்சாஸ்: பெயரை நம்புவதா, மீனைப் பார்ப்பதா?

ஒரே ஜோடி ஃப்ளவர்ஹார்ன் (நெற்றியில் ‘மண்டை’ என்ற மேடு புடைக்கும் அலங்காரத் தொட்டி மீன்) இட்ட முட்டைகளில் பொரித்த குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தால், சில காம்ஃபா சாயலில் வரும், பல ஜென்ஜூ சாயலில் வரும், மிச்சம் சந்தையில் வழங்கும் எந்த வகைப் பெயருக்கும் அடங்காது. இது வளர்த்தவரின் குறை இல்லை. டிரைமேக், ரெட் டெவில், மைடாஸ், வியேஜா என்று மத்திய அமெரிக்கச் சிக்லிட் குடும்ப மீன்கள் பலவற்றைக் கலந்து 1990-களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட மீன் இது. பின்னால் இன்னொரு கலப்பினமான பிளட் பேரட்டும் அந்தக் கலவையில் சேர்ந்தது. இத்தனை ரத்தம் கலந்த பெற்றோரிடமிருந்து ஒரே அச்சில் குஞ்சுகள் வராது.

ஆகவே தொட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பரம்பரைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மீன் எப்படித் தெரிகிறது என்று விற்பவர் சொல்லும் வர்ணனை அது. ‘ஏ’, ‘ஏஏஏ’, ‘ஷோ கிரேடு’ எல்லாம் அந்த வர்ணனைக்கு அவரே போட்டுக்கொண்ட மதிப்பெண். ஆசிய அரோவானாவைப் போல உடலில் சிப், பண்ணையின் சான்றிதழ் என்று எதுவும் இதற்குக் கிடையாது. (அங்கேயும் சிப் சொல்வது மீன் எது, எந்தப் பண்ணையது என்பதைத்தான், நிறம் நன்றாக வரும் என்று சொல்வதில்லை.) சந்தையில் அதிகம் மாற்றி விற்கப்படும் பெயர்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

காம்ஃபாவும் ஜென்ஜூவும்

ஏமாற்று அதிகம் நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். காம்ஃபா என்ற பெயருக்கு மவுசு அதிகம், ஜென்ஜூ குஞ்சு எங்கும் கிடைக்கும்.

முதலில் கண். காம்ஃபாவுக்குக் கண் கொஞ்சம் உள்வாங்கி, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். ஜென்ஜூவுக்குப் பெரும்பாலும் சிவப்பு. ஆனால் மிரண்ட மீனுக்கும் நோயுற்ற மீனுக்கும் கண் நிறம் மங்கும், அதனால் பையில் அடைத்த மீனின் கண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அடுத்து வாய். காம்ஃபாவின் வாய் சின்னது, முகம் குட்டை. ஜென்ஜூவிலும் சின்ன வாய் உண்டு என்பதால் இது தனித்து எதையும் நிரூபிக்காது. வால் இன்னும் நல்ல அடையாளம். காம்ஃபாவின் வால் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியோ விசிறியாகவோ இருக்கும், முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் பின்னால் வந்து வாலை அணைத்தாற்போல நிற்கும். ஜென்ஜூவின் வால் விரிந்து வட்டமாக இருக்கும். முத்து எனப்படும் உடலின் மின்னும் புள்ளிகளையும் பாருங்கள்: ஜென்ஜூவில் பளபளக்கும் சிறு புள்ளிகள், காம்ஃபாவில் தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள்.

இந்த நான்கில் ஒன்று மட்டும் பொருந்தினால் அது காம்ஃபா சாயல் உள்ள கலப்பு, அவ்வளவுதான். குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் கண்ணை மட்டும் காட்டி விலை சொல்வார்கள்.

இதையெல்லாம் விடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. ‘காம்ஃபா குஞ்சு’ என்று சொல்பவர் தகப்பன் படத்தைக் காட்டுவார்: மண்டை பெருத்த, பிரமாதமான காம்ஃபா ஆண். அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். காம்ஃபா ஆண்களில் பெரும்பாலானவை மலடு. முட்டையைக் கருக்கட்ட வைக்கும் ஆண் அபூர்வம், கையில் வைத்திருப்பவர் அதை எளிதில் விடமாட்டார். நடைமுறையில் காம்ஃபா பெண்ணோடு ஜென்ஜூ போன்ற வளமுள்ள ஆணைச் சேர்த்துத்தான் குஞ்சு எடுக்கிறார்கள். அதில் தவறில்லை, நல்ல மீன்கள் வருகின்றன. ஆனால் படத்தில் இருக்கும் காம்ஃபா அந்தக் குஞ்சுகளின் தகப்பனாக இருக்க வாய்ப்புக் குறைவு. தாயின் படத்தைக் கேளுங்கள். தாய் படம் இல்லை என்றால் தகப்பன் படத்துக்கு மதிப்பே இல்லை.

‘கிங்’, ‘சூப்பர்’, ‘இம்பீரியல்’ என்ற முன்னொட்டுகளுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் இல்லை. அவற்றைக் கழித்துவிட்டு மீதிப் பெயரை மட்டும் படிப்பது நல்லது.

சிவப்பு மீன்கள்: எஸ்ஆர்டி, ஃபேடர், ரெட் டெக்சாஸ்

மூன்றும் சிவப்பு. சிவந்த விதம் வேறு.

எஸ்ஆர்டி எனப்படும் சூப்பர் ரெட் டிராகன் ஜென்ஜூ வழியில் வந்தது. உடல் சிவந்திருக்கும், பக்கவாட்டில் கறுப்புப் பூ வரிசையும் (பூப் போன்ற திட்டுகள்) கூடவே இருக்கும். ஃபேடர் பிறக்கும்போது சாம்பலும் கறுப்புமாக இருந்து, வளர வளரக் கறுப்பு நிறமிச் செல்கள் அழிந்து, அடியில் இருக்கும் மஞ்சளோ சிவப்போ வெளியே தெரிவது. மைடாஸிலும் ரெட் டெவிலிலும் இயல்பாகவே நடக்கும் மாற்றம்தான், அந்த மரபு வழியாக ஃப்ளவர்ஹார்னுக்கும் வந்திருக்கிறது. இப்படிக் கறுப்பு உரிந்த ஃபேடரில் பூ வரிசை இருக்காது, இருந்தாலும் அங்கங்கே மிளகு தூவினாற்போல மிச்சம் நிற்கும். ரெட் டெக்சாஸில் பச்சை டெக்சாஸ் சிக்லிட்டின் ரத்தம் இருக்க வேண்டும். பிளட் பேரட், ரெட் டெவில் அல்லது சிவந்த ஃப்ளவர்ஹார்னோடு டெக்சாஸைச் சேர்த்து எடுப்பார்கள்.

முத்து உள்ள ஃபேடர் ஃப்ளவர்ஹார்னை ரெட் டெக்சாஸ் என்று விற்பது வழக்கம். கறுப்பு உரிந்த பிறகு பூ வரிசையை வைத்துப் பிரிக்க முடியாது. முத்தைப் பாருங்கள். டெக்சாஸ் வழியில் வந்த மீனுக்குப் புள்ளிகள் தனித்தனியாக, வட்டமாக, உடல் முழுக்கப் பரவி, துடுப்புகளுக்குள்ளும் போகும். முதுகுப் பக்கம் மட்டும் முத்து அடர்ந்து, துடுப்பு வெறுமையாக இருந்தால் டெக்சாஸ் ரத்தம் குறைவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

‘உரியாத ரெட் டெக்சாஸ், சீக்கிரம் உரியும்’ என்ற விளம்பரம் தனி ரகம். ஒரே பொரிப்பில் சில குஞ்சுகள் உரியும், பல உரியவே உரியாது. விற்பவர் கையில் உரிந்தவை முதலில் போய்விடும். நான்கைந்து அங்குலம் வளர்ந்தும் சாம்பல் நிறமாகவே இருக்கும் மீன் பெரும்பாலும் உரியாத வழியைச் சேர்ந்தது. தண்ணீர்ச் சூட்டை 30 டிகிரிக்கு மேல் ஏற்றினால் உரியும் என்று கூடவே ஆலோசனையும் தருவார்கள். உரியும் மரபு இருந்தால் வேகப்படலாம். இல்லாத மீனுக்கு எந்தச் சூடும் உதவாது, தண்ணீரில் ஆக்சிஜன்தான் குறையும். கன்னத்திலோ வயிற்றிலோ ஒரு திட்டாவது ஏற்கெனவே ஆரஞ்சாக மாறியிருந்தால் மட்டும் ‘உரியும்’ என்ற பேச்சுக்குக் காது கொடுக்கலாம்.

‘எஃப் 1’ என்பதும் இந்த மீன்களோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு வேறு வழிகளைச் சேர்த்ததும் வரும் முதல் தலைமுறை என்பதுதான் அதன் பொருள், தரம் என்பதல்ல. டெக்சாஸ் கலப்பில் முதல் தலைமுறையை விட, அதை மறுபடி சிவந்த மீனோடு சேர்த்து எடுக்கும் அடுத்த தலைமுறையில் உரியும் வாய்ப்பு கூடும். விலையைப் பார்த்தால் எஃப் 1-தான் உயர்ந்தது போல இருக்கும்.

பேரட் என்ற பெயரில் வரும் நான்கு மீன்கள்

பிளட் பேரட்டுக்கு வாய் முழுதாக மூடாது. செங்குத்துப் பிளவு போலத் திறந்தே இருக்கும், தொண்டைப் பற்களால்தான் உணவை நசுக்கும். முதுகெலும்பும் காற்றுப்பையும் கோணலானவை, நீச்சல் தள்ளாடும். கிங்காங் பேரட் வேறு கலப்பு. வாய் ஓரளவு மூடும், உடல் பெரிதாக வளரும், மண்டையும் வரலாம். சின்ன வயதில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். சிறு தொட்டிக்கு என்று வாங்கிப் போனவர் ஒரு வருடம் கழித்துத் தொட்டி மாற்ற வேண்டி வருவது இதனால்தான்.

ஜெல்லிபீன் என்பது பிளட் பேரட்டோடு வெளிர்நிறக் கான்விக்ட் சிக்லிட்டைச் சேர்த்தது. மூன்று நான்கு அங்குலத்தோடு நின்றுவிடும். ‘பேபி பேரட்’ என்று விற்கப்படுவதில் நிறைய இதுதான், பெரிதாகும் என்று காத்திருந்தால் ஆகாது. போலார் புளூ பேரட் பெரும்பாலும் பேரட்டே இல்லை, உடல் குறுகிய கான்விக்ட். பக்கவாட்டில் கான்விக்டின் கறுப்புப் பட்டைகள் மங்கலாகத் தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை.

ஊதா, பச்சை, நீல நிறங்களில் பிளட் பேரட் பிறப்பதில்லை. சாய ஊசி அல்லது சாயக் குளியல். சில மாதங்களில் மங்கும், அதற்குள் தோல் புண்ணாகி நோய் பிடிப்பதும் நடக்கும். வாலில்லாத ‘ஹார்ட் பேரட்’ குஞ்சாக இருக்கும்போதே வால் வெட்டப்பட்டது, தனி வகை கிடையாது. இவற்றை வாங்காமல் விடுவதைத் தவிர வேறு யோசனை இல்லை.

கிரேடு எதை அளக்கிறது?

ஒரு மீனின் ஒரு நாள் தோற்றத்தை. அந்த ஒரு நாளை அலங்கரிக்க வழிகள் ஏராளம்.

சிவப்பு லைட்டும் ரோஸ் லைட்டும் எளிய வழி. வெள்ளை வெளிச்சத்தில், வெள்ளை வாளியில் மீனை விட்டுப் பாருங்கள். வீடியோவில் வாங்குவதானால் மீனோடு ஒரு வெள்ளைக் காகிதமும் சட்டத்துக்குள் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். காகிதம் வெள்ளையாகத் தெரியாவிட்டால் மீனின் சிவப்பையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது தீனி. சிவப்பு, மஞ்சள் தரும் கரோட்டினாய்டுகளை மீனால் தானாக உருவாக்க முடியாது, உணவில் வர வேண்டும். அஸ்டாக்சாந்தின் என்ற கரோட்டினாய்டை நிறையப் போட்டால் எந்த மீனும் கொஞ்சம் சிவக்கும், நிறுத்தினால் வாரக்கணக்கில் இறங்கும். இது மோசடி என்று சொல்ல மாட்டோம், ஆனால் என்ன தீனி, எத்தனை நாளாக என்று கேட்டு வாங்குங்கள். முத்து இப்படி ஏறி இறங்காது. அது ஒளியைத் திருப்பும் செல்களின் வேலை. கிரேடு என்று ஒன்றுக்குப் பணம் கொடுப்பதானால் சிவப்பை விட முத்துக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

மோசமானது ஹார்மோன். திலாப்பியா குஞ்சுகளை ஆணாக்கப் பண்ணைகள் பயன்படுத்தும் மெதில் டெஸ்டோஸ்டிரோன் அலங்கார மீன் தீனியிலும் கலக்கப்படுகிறது. ஒன்றரை, இரண்டு அங்குல மீனுக்கு முழு நிறமும், நீண்ட துடுப்பும், உருண்ட மண்டையும் இருந்தால், அதே பொரிப்பின் மற்றக் குஞ்சுகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாமே ஒரே மாதிரி ஜொலித்தால் அது மரபின் வேலை இல்லை. கலப்பினக் குஞ்சுகள் அப்படி ஒன்று போல வராது. இந்த மீன்களில் பெண்ணும் ஆணாகத் தெரியும், நிறம் பிறகு கரையும், பின்னாளில் இனப்பெருக்கத்துக்கும் உதவாமல் போகலாம்.

மண்டைக்கு ஒரு வார்த்தை. பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவி மின்னுவது தண்ணீர் மண்டை, ஊடுருவாதது கெட்டி மண்டை. தண்ணீர் மண்டை சீக்கிரம் பெருக்கும், தண்ணீர் கெட்டாலோ மீன் மிரண்டாலோ சீக்கிரம் வற்றும். படத்தில் இரண்டும் ஒன்றுதான். விற்பவர் ‘பெரிய தலை’ என்று மட்டும் சொன்னால் எந்தத் தலை என்று கேளுங்கள்.

குட்டை உடல் மீனை ‘பால்’ (பந்து), ‘போன்சாய்’ என்று உயர் கிரேடில் வைப்பார்கள். முதுகெலும்பு நெருங்கிய குறைபாடு அது. குடல் அடைப்பும் நீச்சல் கோளாறும் இதில் அதிகம்.

குஞ்சு, நடு அளவு, பெரிய மீன்

ஒரு அங்குலத்தில் பார்க்க முடிவது வாய் அமைப்பு, முதுகெலும்பு நேரா, செவுள் மூடி முழுதாக இருக்கிறதா, தீனிக்குப் பாய்கிறதா, இவ்வளவுதான். அந்த அளவில் ‘ஏஏஏ’ என்பது பிறக்காத பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பது. ‘நூறு சதவீதம் ஆண்’ என்ற உறுதிமொழியும் அப்படியே.

இரண்டரை, மூன்று அங்குலத்தில் முத்து எப்படி வருகிறது, வால் எப்படி விரிகிறது, கண் நிறம் எது, தலை மேடு கட்டுகிறதா என்று தெரியத் தொடங்கும். ஆண் பெண் பார்க்கவும் அப்போதுதான் கொஞ்சமாவது முடியும். கையை நனைத்துக்கொண்டு, வலையில் மீனை மல்லாத்தி, குதத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது துளையைப் பாருங்கள். கூர்மையாக ‘வி’ வடிவில் சின்னதாக இருந்தால் ஆண், அகன்று ‘யு’ வடிவில் இருந்தால் பெண். அரை நிமிடத்துக்குள் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இதுவும் தவறும். முதுகுத் துடுப்பில் கறுப்புப் புள்ளி இருந்தால் பெண் என்பது சில வழிகளுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் இல்லை. முட்டை இடுவது ஒன்றுதான் மறுக்க முடியாத சான்று.

நான்கைந்து அங்குலத்துக்கு மேல் எல்லாம் வெளியே வந்துவிடும், விலையும் வந்துவிடும். ஆனால் அந்த அளவில் கைமாறும் மீனுக்கு ஏதாவது காரணம் இருக்கும்: தின்னாதது, மண்டை வற்றியது, மலடு. வாங்குவதற்கு முன் அது தீனி எடுப்பதையும் கழிவு போடுவதையும் கண்ணால் பாருங்கள். வெள்ளை நூல் போலக் கழிவு தொங்கினால் குடல் ஒட்டுண்ணி இருக்கலாம், கிரேடு எதுவானாலும் விட்டுவிடுங்கள்.

எங்கள் தேர்வு, பெயர் எதுவும் ஒட்டாத மூன்று அங்குல மீன். ‘ஏஏஏ காம்ஃபா’ என்ற ஒரு அங்குலக் குஞ்சை விட அது நல்லது. குஞ்சுதான் வேண்டும் என்றால் ஒன்றுக்குக் கொட்டும் பணத்தில் அதே பொரிப்பில் ஏழெட்டைப் பெயரில்லாமல் வாங்கி, மூன்று அங்குலம் வரை சேர்த்து வளர்த்து, பிறகு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் சண்டை தொடங்கினால் தடுப்பு வைக்க வேண்டி வரும்.

இனப்பெருக்கம் செய்ய நினைப்பவருக்குக் கணக்கு வேறு. காம்ஃபா என்ற பெயரில் வரும் பெரிய ஆண்தான் அவருக்கு மிக மோசமான முதலீடு. வளமுள்ள ஜென்ஜூ ஆணும், வால் அணைப்பும் புழு முத்தும் உள்ள காம்ஃபா பெண்ணும் போதும். ஆணுக்கு வளம் உண்டு என்று விற்பவர் சொன்னால், அது சேர்ந்த முட்டைகளின் இரண்டாம் மூன்றாம் நாள் படத்தைக் கேளுங்கள். கருக்கட்டிய முட்டை வெள்ளையாகாமல் தெளிவாக இருக்கும். மொத்தமும் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்திருந்தால், அந்த ஆணைத் தொட்டி அழகுக்கு மட்டும் விலை பேசுங்கள்.