முட்டி வலி: முழு ஓய்வா, ஏரிச்சாலையா?

கொடைக்கானலில் ஓடுகிறவருக்கு முட்டி வலித்தால் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. மாசக்கணக்கில் ஓடாதே என்பார் ஒருவர். யூகலிப்டஸ் தைலம் தேய்க்கச் சொல்வார் இன்னொருவர். முட்டிக்கு இறுக்கமான உறை (நீ கேப்) மாட்டிக்கொண்டு ஓடு என்பவரும் உண்டு. முட்டிச்சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ மெதுவாக ஆரம்பித்து, படி இறங்கும்போது கூடுகிற வலிக்கு எந்த வழி நல்லது என்பதுதான் இங்கே பேச்சு. கீழே விழுந்து அடிபட்ட முட்டி வேறு கதை.

தைலம் தோலுக்குச் சூடு தரும், வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும். நீ கேப்பும் கொஞ்ச நாளைக்குத் தெம்பு தரும். இரண்டிலும் தவறில்லை, ஆனால் காரணத்தை இரண்டுமே தொடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் கட்டாயம் விட்டுவிடுங்கள். போதும் என்று முட்டி சொல்வதே காதில் விழாமல் போய்விடும்.

உண்மையான போட்டி முழு ஓய்வுக்கும் குறைத்து ஓடுவதற்கும்தான். வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களுக்கு ஓய்வு சரி. அதையே வாரக்கணக்கில் நீட்டினால் வலி போகும், கூடவே தொடையின் பலமும் போகும். பழைய தூரத்துக்குத் திரும்பிய உடனே வலியும் திரும்பி வரும். என் ஓட்டு குறைத்து ஓடுவதற்கே.

எங்கே ஓடுவது என்பதுதான் மலையில் பெரிய கேள்வி. இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. முட்டிச்சில்லு தொடை எலும்போடு அழுந்துவது அப்போது கூடுகிறது. வட்டக்கானலிலிருந்து டால்பின்ஸ் நோஸ் பாறைக்கு இறங்கும் வேர்ப்பாதை இந்த முட்டிக்கு ஆகவே ஆகாது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் ஏரிச்சாலையோ சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். முதலில் நடை, அப்புறம் நடைக்கு நடுவே ஒரு நிமிட ஓட்டம். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலையில் கூடாமல் இருந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றலாம். காலை எட்டி வைக்கும் தூரத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டியின் பாரம் குறையும். மேடு ஏறித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் ஓடி ஏறிவிட்டு, இறங்கும்போது பஸ் பிடியுங்கள். முட்டியின் வெளிப்பக்கம் வலிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஏரியோரம் வாடகை சைக்கிளும் உண்டு. சீட்டை உயர்த்திக்கொள்ள முடிந்தால் மட்டும் எடுங்கள். தாழ்ந்த சீட்டில் முட்டி அதிகம் மடங்கும்.

எந்த வழியில் போனாலும் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றாமல் முடியாது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, வீட்டு வாசற்படியில் ஏறி இறங்குவது. வாரத்தில் மூன்று நாள் போதும். 6 முதல் 12 வாரம் வரை பொறுக்க வேண்டும். பலரும் இதைத்தான் பாதியில் விடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, நிற்கும்போது நழுவினாலோ இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மற்றவர்கள் விடிந்ததுமே ஏரிக்கு வந்துவிடுவது நல்லது. நேரமானால் காரும் குதிரையும் கூட்டமும் சேர்ந்துவிடும். அந்தக் குளிரில் பத்து நிமிடமாவது வேகமாக நடந்து உடம்பு சூடான பிறகு ஓட ஆரம்பியுங்கள்.